பதினான்காம் வீட்டு ஒயர்

“பதினோரு நாளில் மூன்று தடவை என் வீட்டு ஒயரை மட்டும் பிடுங்கியிருக்கான் சார். மீதி முப்பத்தோரு வீட்டிலும் நெட் ஓடுது.”

மல்லிகா சொன்னதும் புனே சிஞ்ச்வட் குடியிருப்பு சொசைட்டி மீட்டிங்கில் எல்லோரும் இருதயராஜைப் பார்த்தார்கள். கேபிள் நெட் கம்பெனியின் லைன்மேன் அவன்.

2003. மல்லிகாவின் கணவன் கந்தசாமி இறந்து ஏழு மாதம். வீட்டிலேயே டைப் அடித்து, நெட்டில் அனுப்பிப் பிழைக்கிறாள்.

“இன்னொரு நாள் லேட்டானா வேலையை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க,” என்றாள். “போன வாரம் ஏதோ நம்பரைச் சொல்லி, கம்ப்யூட்டரைப் பார்க்கணும்னு உள்ளே வரப் பார்த்தான். ஒயர் வேலையோட நில்லுன்னு கதவைச் சாத்தினேன். அந்தக் கோபம்.”

“ஆம்பளை இல்லாத வீடுன்னா தம்பிக்கு ரொம்ப அக்கறை,” என்றார் பின்வரிசையில் ஒருவர். சிரித்தார்கள்.

செயலாளர் கோவிந்தராஜன் கேட்டார். “ஏம்ப்பா பிடுங்கினே?”

“ஒயர் லூஸ் சார்.”

“மூணு தடவையுமா?”

“ஆமா சார்.” தலை நிமிரவில்லை.

அவனை நீக்கச் சொல்லிக் கம்பெனிக்கு மனு போனது. முப்பத்திரண்டு கையெழுத்து. முதலாவது மல்லிகாவுடையது.

நான்காம் நாள் புது லைன்மேன் விஜய் வந்தான். கையில் ஒரு சீட்டு.

“எல்லா வீட்டு நெட் ஒயரும் சேருற சுவிட்ச் பெட்டியில, உங்க ஒயர்ல கட்டியிருந்துச்சு அக்கா. இருதயராஜ் எழுத்து.”

‘14-ம் வீடு. 137, 139 போர்ட்டைப் பூட்டாமல் இணைக்காதே. காரணம் கேட்காதே.’

“அப்படின்னா?”

“போர்ட்னா கம்ப்யூட்டரோட கதவு மாதிரி அக்கா. மத்த வீட்டு கம்ப்யூட்டர் பேரை விசாரிச்சா, 137 வழியா உங்களது ‘இங்கே இருக்கேன்’னு பதில் சொல்லும். 139 வழியா ஃபைலையே கொடுத்துடும். முப்பத்தோரு வீட்டிலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே படிக்கலாம். எது வெளியே தெரியுதுன்னு பாருங்க. நான் திரும்பிக்கிறேன்.”

மல்லிகா பார்த்தாள். ஒரே ஒரு ஃபைல். ஆஸ்பத்திரிக்கு அவள் டைப் அடித்த கடிதம். கந்தசாமிக்கு எச்.ஐ.வி. இருந்தது, இப்போது தனக்கும் இருப்பது, எல்லாம் அதில் இருந்தது. தெரிந்தால் மறுநாளே வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள்.

விஜய் இரண்டு போர்ட்டையும் பூட்டினான். ஒயரை இணைத்தான். கிளம்பும்போது வாசலில் நின்றான்.

“அவனுக்கு இன்னும் வேற வேலை கிடைக்கலை அக்கா. எந்த ஃபைல் வெளியே தெரிஞ்சதுனால பிடுங்கினான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, கம்பெனியில திரும்ப எடுத்துக்குவாங்க. அங்கே நான் என்ன காரணம்னு சொல்ல?”

மல்லிகா சீட்டை நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“ஒயர் லூஸ், தம்பி,” என்றாள்.