நாலு விரல் இடைவெளி

“மான் வேட்டைக்குத் துவக்கு வாங்கிட்டன், அண்ணை. லீவர் இழுத்துச் சுடுறது,” என்று கனடாவிலிருந்து வீடியோ அழைப்பில் காட்டினான் தம்பி வாகீசன். “குறி பார்க்கிற ஸ்கோப் பெரிசாப் போடுறதோ, சின்னனாப் போடுறதோ எண்டுதான் தெரியேல்லை.”

யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பிரகலாதன் சிரித்தான். “மிளகாய்க் கண்டு நடுறதைப் பற்றியெண்டால் சொல்லுவன். உதைப் பற்றி எனக்கென்ன தெரியும்?”

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவன் மனைவி தக்சாயினி நிமிராமலே கேட்டாள்.

“சுட்ட தோட்டாக் கோது மேலாலை பாயுமோ, பக்கத்தாலையோ?”

“பக்கத்தாலை, அண்ணி.”

“அப்ப நேரா மேலையே பூட்டலாம். சின்னனே காணும், பத்தைக் காட்டுக்குள்ளை பெரிசு பாரம். நல்லாப் பதிச்சுப் பூட்டுங்கோ. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நாலு விரலுக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கோ. இல்லாட்டி, சுடேக்கை பின்னாலை உதைச்சுப் புருவத்தைப் பிறை மாதிரி வெட்டிப்போடும்.”

பிரகலாதன் திரும்பி அவளைப் பார்த்தான். வலது புருவத்தின் மேல் பிறை வடிவில் ஒரு வடு. போர் முடிந்தபின் பெண் பார்க்கப் போன அன்று, சைக்கிளிலிருந்து விழுந்த காயம் என்று அவள் சொல்லியிருந்தாள். பதினான்கு வருடங்களாக அவனும் அதை நம்பியிருந்தான்.

“அண்ணிக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?” என்றான் வாகீசன்.

வெங்காயம் உரித்த கை நின்றது.

“அவ சைக்கிளாலை விழுந்தவ,” என்றான் பிரகலாதன். “சொன்னபடி பூட்டு.”