விட்டுப்போன கண்

அம்பகரத்தூர் வீட்டிலிருந்தே சுகிர்தா மெடிக்கல் கோடிங் பார்த்தாள். அமெரிக்காவில் யாருக்கு என்ன நோயோ, அதற்குரிய எண்ணைப் போட்டு அனுப்ப வேண்டும். அன்றைய கேஸ், மூச்சிழுப்புக்குச் சாப்பிட்ட ஸ்டீராய்டு மாத்திரையால் சர்க்கரை வந்து, இரண்டு கண்ணும் போனவர். உள்ளறையில் பார்வையில்லாமல் கிடக்கும் மாமனாருக்கும் அதே கதைதான். அசதியில் கண்ணுக்கான எண்ணை விட்டுவிட்டு அனுப்பிவிட்டாள்.

"ஃபேன்ல ஏம்மா இவ்வளவு ஒட்டடை?" என்றார் மாமனார்.

அவள் எழுந்திருப்பதற்குள் போன் அடித்தது. ஆபீசில் அவள் வேலையைச் சரிபார்க்கும் பெண், தமிழ்மொழி.

"அக்கா, அந்தக் கேஸ்ல கண்ணு விட்டுப்போச்சு. சேத்து அனுப்பிடுங்க."

சுகிர்தா கண்ணுக்கான எண்ணைத் தட்டினாள். இனி அனுப்பும் பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

மாமனார் சுவரைப் பிடிக்காமல் நடந்து வந்து எதிரே நின்றார்.

"ஏம்மா இப்படி இளைச்சுப்போயிட்ட?"