நாலு இஞ்ச்

வண்டி நன்றாக ஓடுகிற வண்டிதான். அப்படியிருந்தும் அதை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து பட்டறை வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். பின்னாலேயே வாடகைக் காரில் வந்து இறங்கிய உரிமையாளர், சாவியைக் கையால்கூடத் தொடாமல் ஒரு பழுப்புக் கவரோடு நீட்டினார்.

மெக்கானிக்குக்கு அதை வாங்கக் கை நீளவில்லை. "ஸ்டார்ட் ஆகலையா சார்?"

"ஆகும். ஒரு கோளாறும் இல்ல. உயரத்தக் குறைக்கணும், அவ்வளவுதான்."

ஏழு பேர் தாராளமாகக் காலை நீட்டி உட்காரும் எஸ்யூவி அது. பக்கத்தில் போய் நின்றால் பானெட் நெஞ்சு வரை வந்தது. பாட்டை அலறவிட்டுக்கொண்டு வரும் இளவட்டங்கள்தான் இந்த மாதிரி வண்டியை இறக்கச் சொல்லுவார்கள். இவருக்கோ நாற்பது வயதிருக்கும். சவரக் கத்தியைப் பார்த்து ஒரு வாரமான முகம்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மெக்கானிக்கின் அக்கா, தம்பியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அவனுக்குப் புரிந்தது. போன வருஷமும் இப்படித்தான் ஒருத்தன் வந்து, பெயிண்டை மாற்று, உயரத்தை மாற்று என்றான். இவர்களும் நல்ல பிள்ளைகளாக மாற்றிக் கொடுத்தார்கள்.

அது ஆளை அடித்துப் போட்டுவிட்டு வந்த வண்டி. போலீஸ் வந்து பட்டறைக்கு நாற்பது நாள் சீல் வைத்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் நிரந்தரப் பூட்டுதான் என்று எச்சரித்த பிறகே திறக்க விட்டார்கள். அக்காவும் தம்பியும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நிமிர்த்திய பட்டறை அது.

பேச்சுக் கொடுத்துப் பார்க்கலாம் என்று மெக்கானிக் தொண்டையைச் செருமினான்.

"மூணு வழி இருக்கு சார். இருக்கற ஸ்பிரிங்கையே வெட்டி விடலாம். சாயங்காலமே வேலை முடிஞ்சிடும். ஆனா தூக்கித் தூக்கிப் போடும், பிரேக் அடிச்சா வண்டி எந்தப் பக்கம் போகும்னு சொல்ல முடியாது. அந்தப் பாவத்த நான் செய்யறதில்ல."

"அடுத்தது?"

"குட்டையான ஸ்பிரிங், அதுக்கேத்த ஷாக் அப்சார்பர். ரெண்டு இஞ்ச் இறங்கும்."

"பத்தாது."

"அப்படின்னா ஏர் சஸ்பென்ஷன். ஸ்பிரிங் இருக்கற எடத்துல காத்துப் பை. சுவிட்சைத் தட்டினா ஏறும், தட்டினா இறங்கும். நாலு இஞ்ச் வரைக்கும் போகலாம். வேகமா போறப்ப..."

"வேகத்த விடுங்க. நின்ன எடத்துலேருந்து கிளம்பறப்ப கீழேயே இருக்குமா?"

"இருக்கும்."

எவ்வளவு செலவாகும், எத்தனை நாளாகும், பார்க்க எப்படி இருக்கும் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூலையில் கிடந்த பழைய டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை கரியானதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. வண்டிக்கு முன்னால் மூன்றடி தள்ளி நான்கு டயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஒரு பலகையை வைத்து, மெக்கானிக்கின் டேப்பை வாங்கி அளந்தார்.

"மூணு அடிக்கு ரெண்டு இஞ்ச் குறைச்சல். சரியா இருக்கு. ஸ்டியரிங்ல உக்காருங்க தம்பி. பலகை தெரியுதான்னு பாத்துச் சொல்லுங்க."

"நீங்களே உக்காந்து பாக்கலாமே சார்?"

"நான் உக்கார மாட்டேன்."

பதில் வெடுக்கென்று வந்தது. மெக்கானிக் கழிவுத் துணியால் கைப்பிடியைப் பிடித்துக் கதவைத் திறந்தான். நாளைக்குக் கைரேகை அது இது என்று வந்தால் யார் மாரடிப்பது? உள்ளே உட்கார்ந்து எட்டிப் பார்த்தான். பானெட்தான் தெரிந்தது.

"பலகை தெரியல சார்."

"நாலு இஞ்ச் இறக்கினா?"

வண்டியை இறக்குவதும் டயரை ஏற்றுவதும் கணக்கில் ஒன்றுதான். மெக்கானிக் இறங்கிப் போய் டயர்களுக்கு அடியில் நாலு இஞ்ச் உயரத்துக்குக் கட்டைகளைக் கொடுத்துவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்தான்.

"இப்ப விளிம்பு மட்டும் தெரியுது."

"நல்லாப் பாருங்க. நிச்சயமா தெரியுதா?" அவர் பலகையைத் தட்டிக் காட்டினார்.

மெக்கானிக் மனசுக்குள் கணக்குப் போட்டான். மூன்றடிக்குக் கொஞ்சம் குறைச்சல் என்றால், குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிற ஆளின் உயரம். எங்கேயோ, யாரோ ஒருத்தன் அப்படி உட்காருகிற இடத்தை இந்த மனுஷன் பார்த்து வைத்திருக்கிறார். நின்ற இடத்திலிருந்து கிளம்பி, குறி தப்பாமல் அடிக்க அளவெடுக்கிறார். கண்ணாடிக்குப் பின்னால் அக்கா போனைக் காதில் வைத்துவிட்டாள்.

அவன் கீழே குதித்தான். பயத்தில் குரல் உச்சத்துக்குப் போனது.

"இந்த வேலையெல்லாம் இங்க நடக்காது சார்! யார் மேல ஏத்தறதுக்கு இவ்வளவு அளவு?"

"ஏத்தறதுக்கா?" அவர் சட்டென்று திரும்பினார். பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பின்ன என்ன? சொந்த வண்டிங்கறீங்க. சாவியத் தொட மாட்டேங்கறீங்க, சீட்டுல உக்கார மாட்டேங்கறீங்க. அவ்வளவு ஆகாத வண்டின்னா வித்துத் தலைமுழுக வேண்டியதுதானே?"

அவர் அந்தப் பலகையைப் பார்த்தபடியே சொன்னார்.

"டாட்டா காட்ட எம்பொண்ணு வண்டி முன்னால ஓடி வந்த மாதிரி, வாங்கறவர் வீட்டுலயும் ஒரு குழந்தை ஓடி வருமே தம்பி!"