இடுப்பின்மேல் செங்கல்

பனியன் கம்பெனியில் இருபது வருடம் உட்கார்ந்தே தைத்து அம்மாவுக்குக் குண்டிச் சதை செத்துவிட்டது. மெஷினைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. உட்காரவைத்த சூப்பர்வைசரே, பிடிக்காமல் எழ முடியாதவர்கள் அடுத்த மாதம் வர வேண்டாம் என்கிறான். அவளை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, இடுப்பின்மேல் அரிசிப் பையை வைத்தேன். பையோடு இடுப்பைத் தூக்கச் சொன்னேன்.

"அன்னத்தைப் போயி அங்க வைப்பியாடி?"

என் பிசியோதெரபி புத்தகங்களைக் கட்டிக் கொண்டுவந்தேன்.

"சரஸ்வதிடி."

"பின்ன யாரை வைக்க? உன் சூப்பர்வைசரையா?"

சிரித்துவிட்டாள். "செங்கல்லை வை."

மாதத்தின் கடைசி நாள் ஐந்து செங்கல் வைத்தேன். இடுப்பு மேலே போய் நின்றது. பத்து வரை எண்ணினேன்.

"போதும்மா, இறக்கு. நாளைக்கு எந்திரிச்சுக் காட்டணும்ல?"

இறக்கவில்லை. பல்லைக் கடித்தபடி, "இன்னொரு கல்லு வைடி" என்றாள்.