செங்கிஸ்கானின் செருப்பு

பதினேழாவது கட்டுரையில்தான் ஜெயச்சந்திரன் சாருக்குச் சந்தேகம் வந்தது.

ஆந்திர எல்லையில், வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி. அங்கே அவர் சமூக அறிவியல் ஆசிரியர். பத்தாம் வகுப்பில் முப்பத்தொரு பேர். 'உலக வரலாற்றில் ஒரு நாள்' என்று ஆளுக்கொரு தலைப்பாகக் கொடுத்து, நாலு பக்கம் எழுதி வரச் சொல்லியிருந்தார். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதவே முடியாது என்று ஸ்டாஃப் ரூமில் பெருமை வேறு அடித்துக்கொண்டிருந்தார்.

செங்கிஸ்கான் கட்டுரை இப்படித் தொடங்கியது: 'பாலைவனத்தைக் கடக்கும்போது செங்கிஸ்கானுக்கு இடது கால் செருப்பு கடித்தது.'

பிரெஞ்சுப் புரட்சியில், கொலைமேடை ஏறிய அரசியின் ஷூ ஒன்று கழன்று விழுந்தது. கரையில் இறங்கிய கொலம்பஸ், புது நாட்டைப் பார்ப்பதற்கு முன்னால் நனைந்துபோன தன் பூட்ஸைப் பார்த்துக் கவலைப்பட்டார். ரஷ்யப் பனியில் நெப்போலியன் தோற்றதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான்: 'படைவீரர்களின் பூட்ஸில் பேஸ்டிங் சரியில்லை. சோல் வாயைப் பிளந்துவிட்டது.'

கையெழுத்து முப்பத்தொன்று. எழுதிக் கொடுத்த ஆள் ஒன்று.

சார் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். வம்பு என்னவென்றால், கட்டுரைகள் பிரமாதமாக இருந்தன. நெப்போலியனின் வீரன் ஒருவன் கோணிப்பையைக் காலில் சுற்றிக்கொண்டு பனியில் நடந்த இடத்தில் அவருக்கே கண் கலங்கிவிட்டது.

மறுநாள் ரக்ஷிதாவைத் தனியாகக் கூப்பிட்டார். செங்கிஸ்கான் அவள் பங்கு.

"செங்கிஸ்கான் யாரும்மா?"

"ராஜா சார்."

"எந்த ஊரு ராஜா?"

"தெலீது சார். வெளியூரு."

"சரி, அவனுக்கு எந்தக் கால் செருப்பு கடிச்சுது?"

"லெஃப்ட்டு சார்!" என்றாள் பளிச்சென்று.

"யாரு எழுதிக் குடுத்தது?"

"நானேதான் சார்." மற்ற முப்பது பேரும் அதே பதிலைத்தான் சொன்னார்கள்.

விஷயம் தலைமையாசிரியை மனோரமா காதுக்குப் போனது. அவர் கொதித்துவிட்டார்.

"பசங்களைக் கெடுக்கிறதையே தொழிலா வெச்சிக்கினு இருக்கிற ஆளு சார் இது! யாருன்னு மட்டும் கண்டுபிடிங்க. போலீஸ்ல எழுதிக் குடுத்துடலாம்."

"நீங்க டென்ஷன் ஆவாதீங்க மேடம். இந்த வாரத்துக்குள்ள ஆளைப் பிடிச்சே ஆகணும். என்கிட்ட விட்டுடுங்க."

அன்று முதல் சாருக்குச் சோறு இறங்கவில்லை. சோல் ஒட்டுவதைச் சொல்லும் 'பேஸ்டிங்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். செருப்பு தைக்கிறவர் அப்படிச் சொல்லமாட்டார். செருப்புக் கடைக்காரரும் சொல்லமாட்டார். ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறவர்தான் சொல்வார்.

கம்பெனி பஸ் வந்து நிற்கிற முக்கில் ஒரு டீக்கடை. அங்கே மூன்று நாள் சாயங்காலம், தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீக்கடைக்காரர், "ஏன் சார், காய்ச்சலா?" என்று கேட்டு இஞ்சி டீயாகவே போட்டுக் கொடுத்தார். நாலாம் நாள், பஸ்ஸை விட்டு இறங்கிய ஒரு பெண்ணின் கையில் ரக்ஷிதா ஒரு பை வேர்க்கடலையைத் திணித்துவிட்டு ஓடுவதைப் பார்த்தார். டீயை அப்படியே வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் பின்னாலேயே போய் வீட்டைத் தெரிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். தெரு வரைக்கும் வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத வீடு அது.

பஸ்ஸை விட்டு இறங்கிய அந்தப் பெண் கன்னிகாதான் வெளியே வந்தாள்; சாரைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"பேஸ்டிங் செக்ஷன்தானேம்மா?"

"ஆமா சார்."

"என்ன படிச்சிருக்கே?"

"எம்.ஏ. ஹிஸ்டரி சார். ஃபர்ஸ்ட் கிளாஸ். மூணு வருஷமா சோல் ஒட்டிக்கினு இருக்கேன். போவ வர ரெண்டு மணி நேரம் பஸ்ல சும்மாதானே குந்திக்கினு இருக்கோம்னு எழுதிக் குடுத்தேன். கட்டுரைக்கு ஒரு படி கடலை குடுத்தாங்க. துன்னு தீர்க்க முடியல, அவ்ளோ சேர்ந்துபோச்சு. வேணும்னா எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடறேன். போலீஸுக்கு மட்டும் போவாதீங்க சார். வேலையை விட்டு நிறுத்திட்டாங்கன்னா நைனா மாத்திரைக்குக்கூட வழியில்ல."

சார் தெருவை இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். பிறகு பைக்குள் கைவிட்டு, முத்திரை குத்திய ஓர் அரசாங்கக் காகிதத்தை எடுத்து நீட்டினார்.

கன்னிகா அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஐயோ, சத்தம் போடாதம்மா! புதன்கிழமை திருப்பதியில வாத்தியாருங்களுக்கு டிரெயினிங். ஆளுக்கு ஒரு கட்டுரை, சொந்தமா எழுதிக்கினு வரணுமாம். நானும் பத்து நாளா முதல் வரியிலேயே முழிச்சிக்கினு இருக்கேன். நீதான் காப்பாத்தணும்."

கன்னிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு காகிதத்திலிருந்த தலைப்பைப் படித்தாள்.

'மாணவர்கள் ஆள் வைத்துக் கட்டுரை எழுதும் பழக்கத்தை ஒழிப்பது எப்படி?'