மழுப்பாத சொல்

வெண்டலால் அந்தப் பெஞ்சில் ஒரு நிலையாக உட்கார முடியவில்லை. எழுந்தான். காலில் கிடந்த சங்கிலி இழுத்தது. மறுபடி உட்கார்ந்தான்.

"என்ன வெண்டல், எறும்புப் புத்து மேல உக்காந்திருக்கியா?" என்றான் காவலாளி.

கதவுக்கு அந்தப் பக்கம் பரோல் வாரியத்தார் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் வெளியே போவதும், இந்த மிசௌரிச் சிறையிலேயே கிடந்து கட்டையில் போவதும், இன்று அவன் வாயிலிருந்து வரப்போகும் ஒரு சொல்லில்தான் இருந்தது.

சலவைக்கூடத்தில் அவனோடு துணி மடிக்கும் கிழட்டு ஓரன் நேற்றெல்லாம் அதைத்தான் உருப்போட வைத்தான். பரோலுக்குப் போகிற எல்லாருக்கும் அங்கே இப்படி ஓர் ஒத்திகை உண்டு. ஓரன் போர்வைக் குவியல் மேல் ஏறி உட்கார்ந்து, வாரியத் தலைவி மாதிரி மூக்கைச் சுளித்தான்.

"கேல்வினை என்னய்யா பண்ணின?"

"அவன்... செத்துப்போயிட்டான்."

"ஏன், காய்ச்சல்ல படுத்திருந்தானா? ஒழுங்காச் சொல்லு மாப்ளே. இல்லேன்னா சாகற வரைக்கும் என் கால்சட்டையத்தான் மடிக்கணும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெண்டலும் சிரித்தான். சொல் மட்டும் வரவில்லை.

முதல் பரோல் விசாரணையில், வக்கீல் சொல்லிக்கொடுத்தபடி, "அது நடந்துபோச்சு" என்றான். செய்ததை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் சிறைப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டப் பழகினான். தலை நரைக்கத் தொடங்கிய வயதில். அகராதி கைக்கு வந்ததும் முதலில் தேடியது 'கில்' என்ற சொல்லைத்தான். கொல் என்று அர்த்தம். அதன் கீழே அதன் சொந்தபந்தமெல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. வீழ்த்து, மாய்த்துவிடு, தீர்த்துக்கட்டு, உயிர் பறி. சிலது அடியாள் பேசுகிற சொல். சிலது பாதிரியார் பேசுகிற சொல். ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துப் பார்த்தான், எது வலிக்காமல் இறங்கும் என்று.

கடைசியில் இருப்பதிலேயே நீளமான ஒன்றைப் பிடித்தான். இரண்டாவது விசாரணையில் நெஞ்சை நிமிர்த்தி, "உயிரிழப்புக்குக் காரணமாக அமைந்தேன்" என்றான். படித்துவிட்டோம் என்ற பெருமை வேறு.

தலைவி ஃபைலை மூடிவிட்டாள்.

"என்ன, வக்கீலுக்குப் படிக்கிறியா?" என்று ஓரன் திட்டினான். "அவங்களுக்கு வேண்டியது சின்னச் சொல்லுடா. பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரிஞ்ச சொல்லு."

தெரியாமலா இருந்தது? வாரியத்தார் மட்டும் இருந்தால் என்றைக்கோ சொல்லித் தொலைத்திருப்பான்.

அறையின் ஓரத்து நாற்காலியில் கேல்வினைப் பெற்றவள் உட்கார்ந்திருப்பாள். இரண்டு தடவையும் வந்தாள். கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு அவன் வாயையே பார்த்தபடி இருந்தாள். ஒன்றும் பேசாமல் எழுந்து போனாள்.

கதவு திறந்தது.

இன்றும் வந்திருந்தாள். ரொம்பவே மெலிந்திருந்தாள். சட்டை அவள் மேல் தொங்கியது.

தலைவி சுற்றி வளைக்காமல் கேட்டாள். வெண்டல் படித்த சொற்களெல்லாம் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு தொண்டைக்கு வந்தன. அத்தனையையும் விழுங்கினான்.

"நானும் என் கூட்டாளி கேல்வினும் படகுத்துறையில குடிச்சுக்கிட்டிருந்தோம். ஒரு பழைய படகு மோட்டார் யாருக்குன்னு சண்டை. துடுப்பால அடிச்சேன். விழுந்தான். விழுந்தப்புறமும் அடிச்சேன். நான்தான் கேல்வினைக் கொன்னேன்."



தலைவி ஓரத்து நாற்காலிப் பக்கம் திரும்பி, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று தணிந்த குரலில் கேட்டாள்.

அவள் எழுந்தாள். வாரியத்தார் பக்கம் திரும்பவே இல்லை.

"கடைசியா அவன் என்னடா சொன்னான்? இத்தனை வருஷமா யாருமே எனக்குச் சொல்லல."

வெண்டல் முதன்முதலாக அவள் கண்ணைப் பார்த்தான்.

"'அண்ணே, போதும்'னான்மா."