கடைசி வரை ஓடிய கேசட்

கோதண்டபாணியின் அலமாரியில் இரண்டாயிரம் கச்சேரி கேசட்டுகள் இருந்தன. அதற்கு மேலே சுவரில் ஒரு பல்லி இருந்தது. புதுக் கேசட் வந்தால் அவர் அதை டேப் ரிக்கார்டரில் போடுவார். ராகம் பிடிபட்டதும் நிறுத்திவிட்டு, நோட்டில் எழுதி, நம்பர் ஒட்டி அடுக்கிவிடுவார். அதனால் பாட்டு என்பதே இரண்டு நிமிஷச் சமாச்சாரம் என்றுதான் பல்லி நினைத்திருந்தது.

அன்று மேஜையில் காத்துக்கிடந்த கேசட் ஒன்று, "பல்லியண்ணே, எங்கிட்ட முக்கால் மணி நேரத் தோடி இருக்கு. கடைசியில மிருதங்கக்காரர் தனி வாசிச்சிருக்கார். யாராவது கேட்டாத் தேவலை" என்றது.

"இந்த வீட்டுல அதெல்லாம் நடக்காது" என்றது பல்லி.

கேசட்டைப் போட்டு, தோடி என்று கண்டுபிடித்து, கோதண்டபாணி நிறுத்தப்போன நேரம் பார்த்துப் போன் அடித்தது. யாரோ இருநூறு கேசட் தருகிறாராம். பேசிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டார்.

ஆலாபனை முடிந்து கீர்த்தனை வந்தது, ஸ்வரம் வந்தது, தனியும் வந்தது. பல்லியின் மூக்குக்கு எதிரே ஒரு கொசு உட்கார்ந்து, சாவகாசமாக எழுந்து போனது. பல்லி அதைக் கவனிக்கவே இல்லை.

டேப் தானாக நின்ற பிறகுதான் அவர் உள்ளே வந்தார். நோட்டை எடுத்து ஏதோ எழுதினார்.

"என்ன எழுதறார், அண்ணே?" என்று கேட்டது கேசட்.

பல்லி இறங்கி வந்து, எட்டிப் பார்த்துப் படித்தது.

"தோடி. கடைசி வரை ஓடுகிறது. பழுது இல்லை."